மகாராணியும் நச்சரிப்பும்

எங்கள் வீட்டில் கார்கள் மூன்று, கூரை ஒன்று. சண்டை எதற்கு என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்கத்தான் போகிறேன், வயிற்றெரிச்சலை எங்காவது கொட்ட வேண்டுமே.

கூரை என்றால் முற்றத்து மூலையில் இருந்த தகர ஷெட். நான்கு இரும்புக் கால், மூன்று பக்கம் தகரம், மேலே தகரம். மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே நானும் என் வீட்டுக்காரரும். ஷெட் பொது. அதாவது இரண்டு ஆம்பிளைகள் அதற்காக முட்டிக்கொள்வார்கள், நான் மழையில் நிற்பேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரிலிருக்கும் லிஃப்டுகளை மேலும் கீழும் ஓட வைப்பார். வீட்டுக்கு வந்தால் தன் காரை ஓட வைக்கப் பாடுபடுவார். நாற்பத்தைந்து வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, இரண்டே சீட். முன்விளக்கு இரண்டும் மூடிக்கொண்டிருக்கும், சுவிட்சைத் தட்டினால் இமை மாதிரித் திறக்கும். இப்போது ஒன்றுதான் திறக்கிறது, அதனால் எதிரே வருகிறவர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே போகும். அண்ணன் வைத்த பெயர் மகாராணி. பதினோரு வருஷமாக அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கிறார். அண்ணி அதில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். போனது காரில், வந்தது பஸ்ஸில்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து எண் சொல்கிறவர். நாலு மாதத்துக்கு முன்னால் புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கோடீஸ்வரர் வண்டி இல்லை, நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்த வண்டி. நீலம், இரண்டு கதவு. பின்னால் சீட் இருக்கிறது, கால் இல்லாதவர்கள் தாராளமாக உட்காரலாம். சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும், கோட்டைத் தாண்டினால் கத்தும், பின்னால் பூனை வந்தால் கத்தும். அவர் அதற்குப் புலி என்று பெயர் வைத்தார். நான் வைத்த பெயர் நச்சரிப்பு. அதுதான் நிலைத்தது.

மூன்றாவது கார் என்னுடையது, சொந்தமாக ஸ்கூல் வைப்பதற்காக வாங்கிய பழகு கார். பதினெட்டு வருஷமாக இன்னொருவருடைய டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிற பிள்ளை அலறிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இந்த ஊரைக் காப்பாற்றுவது என் வலது கால்தான்.

இப்போது சொந்தமாக ஸ்கூல் ஆரம்பிக்க மனு கொடுத்திருந்தேன். எல்லாம் சரி, ஆனால் பாடம் நடத்த ஓர் அறை காட்ட வேண்டும் என்றார்கள். ஒரு கரும்பலகை, பத்து நாற்காலி, தலைக்கு மேல் கூரை. அடுத்த வாரம் திங்கட்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அறை இல்லையென்றால் மனு குப்பைத்தொட்டிக்கு, நான் மறுபடி முதலாளியிடம். ஷெட்டை எனக்குக் கொடுங்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். நாலு தடவை கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றார் இவர். "பாத்துக்கலாம் பாப்பா" என்றார் அவர். எனக்கு நாற்பத்து நாலு வயது, அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பா.

அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. மழைக்காலம் நெருங்குகிறது, ஷெட்டுக்குள் எந்தக் கார் நிற்பது என்று தினமும் சாயங்காலம் விவாதம். மரியாதைக்கு மட்டும் குறைவே இருக்காது.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி பேட்டரி போட்ட தகர டப்பா" என்பார் அண்ணன்.

"சேச்சே, இதுல என்ன இருக்கு மச்சான். உங்க வண்டி பெட்ரோல் ஊத்தின துரு" என்பார் இவர்.

"என் வண்டில ஸ்டீயரிங்க பிடிச்சா ரோட்டுல கிடக்கற கல்லு கூடக் கைக்குத் தெரியும்."

"ஆமா மச்சான், கழண்டு விழற நட்டும் தெரியும். என்னுது உங்களதவிட ரெண்டு மடங்கு வேகம்."

"வேகம் இருந்து என்ன? இன்ஜின் சத்தமே ஸ்பீக்கர்ல தானே வருது! உறுமறதுக்குக் கூட ரெக்கார்ட் போடற வண்டிய நான் இப்பத்தான் பாக்கறேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அது சரி. ஆனால் இரண்டு குஞ்சுக்கும் நடுவில் என் ஸ்கூல் போகிறதே! சனிக்கிழமை சாயங்காலம் பொறுமை போய்விட்டது. கரண்டியோடு வெளியே வந்தேன்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! நாளைக்குக் காலைல டெஸ்ட். நான்தான் எக்ஸாமினர். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு நான் வச்சிருக்கற அதே படிவம், நூறு மார்க். எழுபது வாங்கினா பாஸ். யாரு மார்க் அதிகமோ அவங்களுக்கு ஷெட். ரெண்டு பேரும் ஃபெயில்னா ஷெட் எனக்கு. சம்மதமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்களாம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்களாம்.

"ஒரே ஒரு கண்டிஷன். அவனவன் வண்டிய அவனவன் ஓட்டினா சப்பைக்கட்டு கட்டுவீங்க. அதனால நாளைக்கு மாத்தி ஓட்டணும். அண்ணன் புதுசு, இவரு பழசு."

சிரிப்பு நின்றது. ஆனால் பின்வாங்க மானம் விடவில்லை. மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி, "அப்படிப் போடுடி!" என்றார். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றைக்குக் கூத்தாடி நான்தான். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஷெட்டைக் காலி செய்து இரண்டு காரையும் முற்றத்தில் நிறுத்தினோம். முதலில் அண்ணன், நச்சரிப்பில். நான் படிவத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மகாராணியைக் கிளப்ப ஆக்ஸிலரேட்டரை மூன்று தடவை மிதிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மிதித்தார். திரையில் எழுத்து வந்தது, பிரேக்கை மிதிக்கவும் என்று.

"எனக்கே உத்தரவு போடுதா?"

"மிதிண்ணே. மூணு மார்க் போச்சு."

தெருவில் இறங்கி நேர் ரோட்டுக்கு வந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். ஸ்பீக்கரில் உறுமல் கிளம்பியது. அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார், திரும்பிப் பார்த்தார், வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார்.

"ஏண்ணே நிறுத்தின?"

"பின்னாடி ஏதோ பெரிய வண்டி வருது பாப்பா. வழி விடறேன்."

"அது நம்ம வண்டி சத்தம்."

அண்ணன் மறுபடி வண்டியை எடுத்தார். நான் ஐந்து மார்க் குறைத்தேன். அப்புறம் ஒரு பள்ளத்துக்கு விலகினார். கோட்டைத் தாண்டுகிறாய் என்று கார் தானாகவே ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தது. "விடு! விடுடா கைய!" என்று அதனோடு மல்லுக்கட்டினார். வலது பக்கம் திரும்ப ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினார். மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஓங்கி இழுத்தார். அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்குக்குப் பொத்தான்தான். அவர் இழுத்தது என் கைப்பையின் வாரை. வார் அறுந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் திரையில் ஒரு காப்பிக் கோப்பை படம் வந்தது. நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வு எடுக்கவும்.

"யாரு களைப்பா இருக்கா? ஏய், யாரப் பாத்துச் சொல்ற?" அண்ணன் திரையோடு சண்டைக்குப் போனார்.

கடைசியில் ஷெட்டுக்குள் பின்பக்கமாக விட வேண்டும். கொடியில் தொங்கிய துண்டு ஒன்று காற்றில் ஆடியது. அது ஆடும்போதெல்லாம் கார் கத்திக்கொண்டு தானே பிரேக் போட்டது. ஏழு தடவை முயன்றார். ஏழு தடவையும் கார் மாட்டேன் என்றது. மொத்தம் ஐம்பத்தெட்டு மார்க். ஃபெயில்.

இறங்கும்போது என் காதருகே வந்தார். "பாப்பா, ஒண்ணு சொல்றேன், மாப்ளகிட்டச் சொல்லிடாத. அந்த சீட்டு இருக்கே, ஒரு மாசமா இருந்த இடுப்பு வலி போயே போச்சு."

அடுத்தது என் வீட்டுக்காரர், மகாராணியில். வண்டியைக் கிளப்பும் முறையை அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார், மொத்தம் பதினோரு படி. ஒன்பதாவது படி, 'அன்பாகத் தட்டிக்கொடுக்கவும்.' நான் ஏறி உட்கார்ந்து காலை நீட்டியதும் அண்ணன் ஜன்னலில் குனிந்தார்.

"பாப்பா, கால அழுத்தி வைக்காத. கீழ விரிச்சிருக்கறது புது மேட்."

கால்மிதிக்குக் கூட மரியாதையா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

என் வீட்டுக்காரர் கிளப்பினார், நின்றது. கிளப்பினார், நின்றது. ஒன்பதாவது படியை வெட்கத்தோடு செய்தார், கிளம்பிவிட்டது. முதல் திருப்பத்திலேயே ஸ்டீயரிங்கோடு சேர்ந்து அவரும் திரும்பினார், அவ்வளவு கனம். மூக்கு நுனியில் வியர்வை. "இத எப்படிம்மா ஓட்டறாரு மனுஷன்? கிணத்துல தண்ணி இறைக்கற மாதிரி இருக்கு." திரும்பிய பிறகு இண்டிகேட்டரை நிறுத்த மறந்து மூன்று தெரு தாண்டினார். அது தானாக நிற்கும் என்று நம்பினாராம். மேட்டில் நிறுத்தச் சொன்னேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி அங்கேயே நிற்கும் என்றும் நம்பினார். நாங்கள் பின்னாலேயே உருண்டு ஒரு லாரியின் முகத்துக்கு முன்னால் போய் நின்றோம். லாரிக்காரர் வாய்விட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேர் ரோட்டில் அவர் மூன்றாவது கியருக்கு மாற்றியபோது காது பக்கம் காற்று அடித்தது, வண்டி மொத்தமும் நடுங்கியது, விமானம் ஏறப்போகிறது போல் ஒரு சத்தம். முள்ளைப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டவில்லை. நச்சரிப்பில் நூறில் போனாலும் கொட்டாவி விடுகிறவர், இங்கே நாற்பதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்துப் பார்த்தது. "மச்சான்கிட்டச் சொல்லிடாத" என்றார். இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது படிவத்தைக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தேழு மார்க் ஏற்கெனவே போயிருந்தது. கடைசிப் பகுதியை முழுசாகச் செய்தாலும் ஃபெயில். அதாவது ஷெட் என்னுடையது. கரும்பலகை எந்தப் பக்கம் மாட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அங்கேயே நிறுத்தி இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. என் தொழில் புத்தி அப்படி. பதினெட்டு வருஷத்தில் ஒரு படிவத்தைக்கூட நான் பாதியில் மூடியதில்லை. பாதி வழியில் அழுத பிள்ளையைக் கூடக் கண்ணைத் துடைத்துவிட்டுக் கடைசி வரை ஓட்ட வைத்திருக்கிறேன். தவிர, கொஞ்சம் திமிரும் இருந்தது.

"ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ்ல விடுங்க" என்றேன்.

இவர் ரிவர்ஸ் கியர் போட்டார். பிறகு முன்னால் பார்த்தார். ஆமாம், முன்னால். நச்சரிப்பில் பின்பக்கம் தெரிவது முன்னால் இருக்கும் திரையில்தானே. மகாராணியில் அந்த இடத்தில் இருப்பது ஒரு கடிகாரம், அதுவும் ஓடாதது. அந்தக் கடிகாரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, பின்னால் போனார். இடித்துவிடப் போகிறோம் என்றால் கார் கத்துமே, கத்தியதும் நிறுத்தலாம் என்று காத்திருந்தார்.

கார் கத்தவில்லை. ஷெட்டின் வாசல் மூலைக் கால் கண்ணாடியில் பெரிதாகி வந்தது. முற்றத்தில் அண்ணன் கத்தினார், மாடியில் அண்ணி கத்தினார். அதெல்லாம் அவருக்கு வேறு கத்தல் போலிருக்கிறது.

நான் பதறவில்லை. இது என் அன்றாட வேலை. பேச்சே இல்லாமல் என் வலது காலைத் தூக்கி, என் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

மகாராணியில் என் பக்கம் ஏது பிரேக்?

பிரேக்தான் இல்லை என்று பார்த்தால், அங்கே தரையும் இல்லை. அந்தக் கால்மிதிக்கு அடியில் துருப்பிடித்த ஒரு தகரத் தகடு, அதன் மேல் அண்ணன் அடித்த பெயின்ட், அவ்வளவுதான். முழங்கால் வரை என் கால் காரைவிட்டு வெளியே போனது. செருப்பு முற்றத்து மண்ணில் தேய்ந்துகொண்டே வந்தது. அப்போது டமார் என்று ஒரு சத்தம். இரும்புக் கால் ஒன்று சாய்ந்தது, பக்கத்துக் காலைப் பிடித்து இழுத்தது. கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், வரிசையில் வந்து விழுந்தன. கடைசித் தகரம் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்தது.

"பீப் அடிக்கலையே!" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் ஓடி வந்தார். தங்கச்சி பிழைத்தாளா என்று பார்க்க அல்ல. நேரே பின்பக்கம் போய்ப் பம்பரைத் தடவினார். "ஒரு கீறல் இல்ல! பாத்தீங்களா மாப்ள? அந்தக் காலத்து இரும்பு!"

"என் வண்டியா இருந்தா இடிச்சே இருக்காது மச்சான்!"

"இடிச்சிருந்தா அப்பளமா நொறுங்கியிருக்கும்!"

"இடிச்சாத்தானே நொறுங்கும்!"

மாடியிலிருந்து அண்ணி, "ஏன்டி, எக்ஸாமினர் நீ பக்கத்துல தானே இருந்த? பிரேக் அடிக்கலையா?" என்றார்.

"அடிச்சேன் அண்ணி. இந்த வண்டில அது இல்ல."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை. ஒரு கால் காருக்குள், ஒரு கால் காருக்கு வெளியே, மடியில் படிவம், முதுகுக்குப் பின்னால் என் ஸ்கூல் தகரக் குவியலாகக் கிடக்கிறது. ஸ்பீக்கர் சத்தத்துக்கு வழி விட்டார் என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன், பீப்புக்குக் காத்திருந்தார் என்று இவரைச் சொல்லப்போகிறேன், இல்லாத பிரேக்கை நம்பிய என்னை யார் சொல்வது? முடிக்காமல் விடமாட்டேன் என்று முடிக்கச் சொன்னதும் நான்தானே!

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்று கத்தினேன். "இன்னும் எட்டு நாள்ல, அடுத்த திங்கக்கிழமை ஆபீசர் வராரு. நான் அவருக்கு எதக் காட்டுவேன்? பதினெட்டு வருஷம் ஊரான் வண்டில உக்காந்து கால் தேஞ்சு போச்சு. எனக்குன்னு ஒரு ரூம் கேட்டேன். ஒரே ஒரு ரூம். உங்க ரெண்டு பேருக்கும் கார்தான் பெருசா போச்சு."

அண்ணன் பம்பரிலிருந்து கையை எடுத்தார். என் வீட்டுக்காரர் இறங்கி வந்து, மண்டியிட்டுக் காருக்கு அடியில் கையை விட்டு, வெளியே தொங்கிய என் காலை மெதுவாகப் பிடித்து மேலே தள்ளிவிட்டார். சிராய்ப்புக்கூட இல்லை.

"மாப்ள" என்றார் அண்ணன், "கடைல அளக்கற டேப் இருக்கில்ல? எடுத்துட்டு வாங்க."

அதற்கப்புறம் நடந்ததை நானே நம்பவில்லை. அன்றைக்கே தகரத்தைப் பிரித்து அடுக்கினார்கள். அண்ணன் லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து கால்களை நிமிர்த்தி ஒட்டினார். ஒரு மில்லிமீட்டர் கூடுதல் குறைச்சல் வராமல் இவர் அளந்து கொடுத்தார், மூக்குக்கண்ணாடிக்கு அளக்கிற மாதிரியே. தினமும் வேலை முடிந்து வந்து, இருட்டும் வரை வேலை. நடுவில் பேச்சு மட்டும் ஓயவில்லை. அந்தக் காலத்தில் மகாராணியும் சாமானியன் வாங்கிய வண்டிதானே மச்சான், ஆமாம் மாப்ள, உங்களுடையதும் நாற்பது வருஷம் போனால் மகாராணிதான், ஆனால் அந்தத் திரையை யார் ரிப்பேர் செய்வார்கள், என்று ஆணி அடித்துக்கொண்டே.

வியாழக்கிழமை வாசல் பக்கம் வேலைக்கு வந்தார்கள். அண்ணன் டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பாப்பா, கதவு எத்தன அடி வைக்கட்டும்?"

கேட்டுவிட்டு அவர் கண் மகாராணி பக்கம் போனதை நான் பார்த்தேன். இவர் கண் நச்சரிப்பு பக்கம் போனதையும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் உதடு அசைந்தது, மனசுக்குள் அளக்கிறார்கள்.

நான் வாசலுக்கு நடுவில் போய் நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்தேன். "இந்த முழங்கைலேருந்து அந்த முழங்கை வரைக்கும்" என்றேன். "அதுக்கு மேல ஒரு அங்குலம் கூடாது."

திங்கட்கிழமை அதிகாரி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார். கரும்பலகையைப் பார்த்தார், நாற்காலிகளை எண்ணினார். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த துருப்பிடித்த தகட்டையும், அதில் செருப்புக் கால் அளவு இருந்த ஓட்டையையும் பார்த்து, "இது என்னம்மா?" என்றார்.

"முதல் பாடம் சார். வண்டில ஏறினதும் பிரேக் எங்க இருக்குன்னு பாக்கணும்."

ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். வெளியே என் பழகு கார் பக்கத்தில், ஒரே தார்ப்பாயை இரண்டு காருக்கும் போர்த்த முடியாமல் இந்த முனையை அண்ணனும் அந்த முனையை என் வீட்டுக்காரரும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

அதிகாரி கதவின் அகலத்தைப் பார்த்தார், கார்களைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ரூம் நல்லாத்தான் இருக்கு. ஆனா டிரைவிங் ஸ்கூல்னு சொல்றீங்க, இந்த வாசல் வழியா ஒரு கார் கூட உள்ள வர முடியாதேம்மா?"

"அதுக்குத்தான் சார் இத்தன பாடுபட்டுக் கட்டினது" என்றேன்.

அவர் இன்னொரு தடவை வெளியே பார்த்தார். தார்ப்பாய் நடுவில் கிழிகிற சத்தம் கேட்டது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.